முதன்முதலாகக் கல்யாணத்தில் டிஜே பண்ணப் போகிறவர்களுக்கு

கிளப்பிலும் நண்பர்கள் பார்ட்டியிலும் பாட்டு போட்டுப் பழகியவர்கள், முதல் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டதும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "என்னென்ன பாட்டு வச்சுக்கலாம்?" பாட்டைப் பற்றி நிறையவே சொல்கிறேன், அதற்கு முன்னால் ஒன்று. கல்யாணத்தில் டிஜேயை நம்பி அந்தக் குடும்பம் ஒப்படைப்பது அன்றைய நேரத்தை. மணமக்கள் எப்போது உள்ளே வருகிறார்கள், யார் எப்போது பேசுகிறார்கள், சாப்பாடு எப்போது, ஆட்டம் எப்போது, எல்லாம் எப்போது முடிகிறது, இவை அத்தனையும் மைக்கும் ஸ்பீக்கரும் யாரிடம் இருக்கிறதோ அவர் வழியாகத்தான் நடக்கும். நிகழ்ச்சிக்குத் தனியாக ஒருங்கிணைப்பாளர் இருந்தாலும் கூட்டம் திரும்பிப் பார்ப்பது சத்தம் வருகிற பக்கம்தான். பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். மிக்ஸிங் கொஞ்சம் சுமாராக இருந்தது என்று எந்த மணப்பெண்ணும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அப்பா பேசும்போது மைக் வேலை செய்யாமல் போனதற்காக அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் உங்கள் வேலை, கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்பே மணமக்களோடு உட்கார்ந்து பேசுவதில் தொடங்குகிறது. நேரில் முடியாவிட்டால் வீடியோ காலில் பேசலாம், ஆனால் இரண்டு பேரும் இருக்கவேண்டும். ஒருவர் மட்டும் பேசினால் இன்னொருவருக்குப் பிடித்தது எதுவும் பட்டியலுக்குள் வராது. எத்தனை பேர் வருகிறார்கள், அதில் பெரியவர்களும் குழந்தைகளும் எவ்வளவு, இரண்டு குடும்பமும் ஒரே மொழிப் பாட்டு கேட்பவர்களா, யார் யார் பேசப் போகிறார்கள், எந்த வரிசையில், மணமக்கள் உள்ளே நுழையும்போது பாட்டு வேண்டுமா, இருவர் மட்டும் தனியாக ஆடுவது ஒன்று இருக்கிறதா இல்லை நேராக எல்லாரும் இறங்கி ஆடுவதா, எத்தனை மணிக்குச் சத்தத்தை நிறுத்தியாகவேண்டும், இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமாக, அன்றைக்கு ஏதாவது முடிவெடுக்கவேண்டி வந்தால் மணமக்களைத் தொந்தரவு செய்யாமல் யாரிடம் கேட்கலாம் என்று ஒரே ஒருவர் பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் இல்லாத கல்யாணம் ரொம்பக் கஷ்டம். சித்தப்பா ஒன்று சொல்வார், மாமா வந்து வேறொன்று சொல்வார், இரண்டு பேருமே தாங்கள்தான் பொறுப்பு என்று மனதார நம்பிக்கொண்டிருப்பார்கள்.

மைக்கில் சொல்லவேண்டிய பெயர்களை அவர்களையே ஒருமுறை சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுதி வாங்கிய பெயரைப் படிப்பதற்கும், அந்த வீட்டில் அதைக் கூப்பிடுகிற விதத்துக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

போடவேண்டிய பாட்டுகளைக் கேட்டு வாங்க எல்லாருக்கும் தோன்றும். போடவே கூடாத பாட்டுகளையும் கேட்டு வாங்குங்கள், என்னைப் பொறுத்தவரை முதலில் வாங்கவேண்டிய பட்டியல் அதுதான். ஒரு கல்யாணத்தில் மணமகன் ஒரே ஒரு பாட்டைச் சொல்லி, யார் கேட்டாலும் இதைப் போடாதீர்கள் என்றார். எல்லா இடத்திலும் ஓடுகிற, ஆட்டத்துக்கு அருமையான பாட்டு. இறந்துபோன அண்ணனுக்கு உயிரான பாட்டு அது, அம்மா கேட்டால் தாங்கமாட்டார் என்று அவரே காரணத்தையும் சொன்னார். அன்று இரவு ஆள் மாற்றி ஆள் வந்து அதே பாட்டைக் கேட்டார்கள். காரணத்தை அவர்களிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. "இன்றைக்கு அது முடியாதுங்க, இதே தினுசில் ஒன்று இருக்கிறது, ரெண்டு நிமிடத்தில் வருகிறது" என்று சொல்லிச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கடைசிவரை டான்ஸ் ஃப்ளோர் ஓரமாகவே உட்கார்ந்து பேரக்குழந்தைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணமகன் முன்னாடியே சொல்லியிருக்காவிட்டால் எனக்கு இது எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியைக் கேட்க அரை நிமிடம்கூட ஆகாது.

பாட்டு வரிகளையும் கவனியுங்கள். மெட்டு இனிமையாக இருக்கிறது என்பதற்காகப் பிரிவுப் பாட்டையும் ஏமாற்றிய காதலைப் பற்றிய பாட்டையும் மணமக்கள் நுழைகிற நேரத்தில் போடுகிறவர்கள் உண்டு. உங்களுக்குத் தெரியாத மொழியில் பாட்டு கேட்டிருந்தால், அந்த மொழி தெரிந்தவர் ஒருவரிடம் அர்த்தம் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கிற இடம் என்பதால் கெட்ட வார்த்தை நீக்கிய பதிப்பு கிடைத்தால் அதையே எடுத்து வையுங்கள்.

மணமக்கள் ஆசையாக நூற்றைம்பது பாட்டுப் பட்டியல் அனுப்புவார்கள். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டிவிடுவது நல்லது. மொத்தம் 5 மணி நேர நிகழ்ச்சி என்றால் வரவேற்பு, சாப்பாடு, பேச்சு எல்லாம் போக ஆட்டத்துக்கு மிஞ்சுவது இரண்டு, இரண்டரை மணி நேரம். பாட்டுக்கு 3 நிமிடம் என்று வைத்தாலும் 50 பாட்டுதான் போகும். ஆகவே, "இதில் கண்டிப்பாக வேண்டும் என்கிற பதினைந்து இருபது பாட்டைக் குறித்துக் கொடுங்கள், மீதியை உங்கள் ரசனை தெரிந்துகொள்ள வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். யாரும் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை. பட்டியல் முழுவதையும் வரிசையாக ஓடவிடுவதற்கு டிஜே எதற்கு? கூட்டத்தைப் பார்த்து அடுத்த பாட்டை முடிவு செய்யத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதற்குக் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நுழைவுப் பாட்டு, முதல் ஆட்டத்துக்கான பாட்டு மாதிரியானவற்றுக்குப் பாட்டின் பெயர் மட்டும் போதாது. ஒரே பாட்டுக்கு ஆல்பம் பதிப்பு, மேடைப் பதிப்பு, வேறொருவர் பாடியது, ரீமிக்ஸ் என்று நாலைந்து வடிவம் இருக்கும். மணமக்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தது ஒன்று, நீங்கள் போடுவது இன்னொன்று என்றால் முதல் தாளத்திலேயே அவர்கள் முகம் மாறிவிடும். எந்தப் பதிப்பு என்று லிங்க் வாங்கி, அந்தக் கோப்பைத் திரும்ப அவர்களுக்கு அனுப்பி, "இதுதானே?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த இடத்தில் ஆரம்பிக்கவேண்டும், எங்கே முடிக்கவேண்டும் என்றும் கேளுங்கள். ஆடிப் பழகாதவர்களுக்கு நாலரை நிமிடம் தனியாக நடுவில் நிற்பது யுகமாக இருக்கும். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய அழகாக வெட்டி வைத்துக்கொண்டு, பிறகு எல்லாரையும் உள்ளே கூப்பிடுகிறேன் என்று சொன்னால் பெரும்பாலான ஜோடிகளுக்கு நிம்மதி.

எல்லாப் பாட்டும் கோப்பாக உங்கள் கையில் இருக்கவேண்டும். மண்டபத்து வைஃபையை நம்பி ஸ்ட்ரீமிங்கில் போடலாம் என்று போகாதீர்கள். முன்னூறு பேர் போனோடு உள்ளே வந்தபிறகு அங்கே இணையம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்ட்ரீமிங் நிறுவனங்களின் முடிவும் நம் கையில் இல்லை. 2020 ஜூலையில் ஸ்பாட்டிஃபை டிஜே மென்பொருள்களுக்குள் வேலை செய்வதை நிறுத்தியபோது, அதையே நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். காசு கொடுத்து வாங்கிய 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.4 எம்பி இடம்தான் பிடிக்கும். ஒரு 32 ஜிபி பென்டிரைவில் மூவாயிரம் பாட்டு அடங்கிவிடும். வீடியோவிலிருந்து உருவி எடுத்த பாட்டு ஹெட்ஃபோனில் சரியாகத்தான் இருக்கிற மாதிரி தெரியும், பெரிய ஸ்பீக்கரில் அதன் மொண்ணைத்தனம் நன்றாகக் கேட்கும்.

முடிந்தால் மண்டபத்தை முன்கூட்டியே போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் மண்டப ஆளிடம் போனில் பேசி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது, சமையலறையும் பெரிய விளக்குகளும் அதே லைனில் ஓடுகின்றனவா, சாமான் ஏற்ற லிஃப்ட் உண்டா இல்லை மாடிப்படியா என்பதெல்லாம் அன்றைக்குப் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாத விஷயங்கள். சில இடங்களில் ஒலி வரம்புக் கருவி பொருத்தியிருப்பார்கள், குறிப்பிட்ட டெசிபலைத் தொடர்ந்து தாண்டினால் அது ஸ்பீக்கருக்குப் போகிற மின்சாரத்தையே துண்டித்துவிடும். நான் போன ஓர் இடத்தில் இப்படி ஒன்று இருந்ததை மண்டபத்தார் வாயே திறக்கவில்லை, சுவரில் பச்சை மஞ்சள் சிவப்பு விளக்கோடு ஒரு பெட்டியைப் பார்த்து நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று முழுக்க பேஸைக் குறைத்து, மஞ்சளைத் தாண்டாமல் ஓட்டினேன். கூட்டம் சேர்ந்து கத்தினாலே அந்தக் கருவி சிவப்புக்குப் போய்விடும் என்பதால் அதற்கும் இடம் விட்டு வைக்கவேண்டியிருந்தது.

எங்கே நிற்பது என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். அலங்காரம் கெடும் என்று உங்களை ஒரு தூணுக்குப் பின்னாலோ, ஆடுகிற இடத்துக்கும் உங்களுக்கும் நடுவில் சாப்பாட்டு மேஜைகள் வருகிற மாதிரியோ வைக்கப் பார்ப்பார்கள். கூட்டத்தின் முகம் தெரியாவிட்டால் நீங்கள் குருட்டாம்போக்கில்தான் பாட்டு போடவேண்டியிருக்கும். மரியாதையாக, காரணத்தைச் சொல்லி, டான்ஸ் ஃப்ளோரை ஒட்டி இடம் கேளுங்கள்.

ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றி, ஆடுகிறவர்கள் தலைக்கு மேலே ஒலி போகிற உயரத்தில் வைத்து, லேசாக ஆடுகளத்தை நோக்கித் திருப்புங்கள். தரையில் வைத்தால் முன்வரிசைக்காரர்கள் உடம்பே சத்தத்தைக் குடித்துவிடும், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று நீங்கள் வால்யூமை ஏற்ற, முன்னால் இருப்பவர்களுக்குக் காது வலிக்கும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது, என்றாலும் ஸ்பீக்கருக்கு அருகில் இருப்பவர்களுக்கே சத்தம் அதிகம். அதனால்தான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பெரியவர்கள் மேஜை வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். உட்காரும் வரிசைப் படத்தை ஒருமுறை வாங்கிப் பார்த்தாலே போதும், தாத்தா பாட்டிகளுக்கு எந்த மேஜை என்று தெரிந்துவிடும். வால்யூம் ஜாஸ்தி என்று வருகிற புகார்களில் பெரும்பங்கு ஸ்பீக்கர் வைத்த இடத்தால் வருவது. காலி மண்டபத்தில் சவுண்ட் செக் பண்ணும்போது எதிரொலியும் கூர்மையும் அதிகமாக இருக்கும், ஆட்கள் நிறைந்ததும் அது அடங்கிவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸரில் விளக்கு சிவப்பில் எரிய விடாதீர்கள். சத்தம் போதவில்லை என்றால் ஸ்பீக்கர் போதவில்லை என்று அர்த்தம், கெயினை, அதாவது மிக்ஸருக்குள் வருகிற ஒலியின் அளவை, ஏற்றினால் ஒலி உடையுமே தவிர வேறு பலன் இல்லை, ஸ்பீக்கரில் கூர்மையான ஒலியைத் தருகிற டிரெபிள் டிரைவர் எரிந்துபோகவும் வாய்ப்பிருக்கிறது.

இப்போது மைக். இதற்குத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுப்பேன், நீங்களும் கொடுங்கள். கல்யாணத்தில் மைக்கைப் பிடிக்கப் போகிறவர்களில் பலர் வாழ்நாளில் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசுவார்கள், இல்லையென்றால் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பார்கள். பொத்திப் பிடித்தால் மைக் முன்பக்க ஒலியை மட்டும் வாங்குகிற தன்மையை இழந்து சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் வாங்கும், ஸ்பீக்கர் சத்தம் அதற்குள்ளேயே திரும்பப் புகுந்து கீச்சென்று கூவும். அதற்காகத்தான் பேசப் போகிறவர்களை முன்கூட்டியே ஓரமாகக் கூப்பிட்டு, "தண்டுப் பகுதியைப் பிடியுங்க, வாய்க்குப் பக்கத்தில், ரெண்டு விரல் தூரம் இருந்தா போதும், எனக்காக ஒரு வரி பேசிக் காட்டுங்க" என்று கேட்டுக்கொள்வேன். ஒரு நிமிட வேலை. அவர்கள் குரல் எவ்வளவு சன்னம் என்று எனக்கும் தெரிந்துவிடும், அவர்களுக்கும் படபடப்பு குறையும்.

பேசுகிறவர் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்காதபடி இடத்தைக் காட்டிவிடுங்கள். மைக் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் கை உரசும் சத்தமும் மூச்சு மோதுகிற 'பொத்' சத்தமும் பெரிதும் போய்விடும், பேச்சு தெளிவாகும். கம்பியில்லா மைக்குக்கு அன்றைக்கே புது பேட்டரி போடுங்கள், பாதி தீர்ந்ததை வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வீடியோக்காரரும் மணமகன் சட்டையில் கம்பியில்லா மைக் குத்துவார், அவரோடு பேசி இரண்டு பேரும் ஒரே அலைவரிசையில் இல்லை என்று உறுதி செய்யுங்கள். கூடவே ஒரு கம்பி மைக், போதிய நீளக் கேபிளோடு, செருகித் தயாராக மேஜை மேல் இருக்கட்டும். அலைவரிசை என்ன ஆனாலும் அது வேலை செய்யும்.

பேச்சுக்கு முன்னால் இன்னொரு சின்ன விஷயம். "இப்போது மணமகளின் அப்பா பேசுவார்" என்று மைக்கில் சொல்வதற்கு முன், அவர் மண்டபத்துக்குள் இருக்கிறாரா என்று கண்ணால் பாருங்கள். புகைப்படக்காரர், வீடியோக்காரர் இருவரும் தயாரா என்றும் கையைக் காட்டிக் கேளுங்கள். உணவு பரிமாறுகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள், நல்ல பேச்சின் நடுவில் தட்டுச் சத்தம் போடவேண்டாம் என்று அவர்களும் ஒத்துழைப்பார்கள். இந்த மூன்று பேரோடு வந்தவுடனே போய்க் கைகுலுக்கி அறிமுகம் செய்துகொள்வது எனக்கு ஒவ்வொரு கல்யாணத்திலும் கைகொடுத்திருக்கிறது. ஏதாவது தள்ளிப்போனால் அவர்கள் ஓடி வந்து முதலில் என்னிடம் சொல்வார்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: இது இப்போது செத்துப்போனால் அடுத்து எது? லேப்டாப் நின்றால் என்ன, கன்ட்ரோலர் நின்றால் என்ன, ஒரு ஸ்பீக்கர் போனால் என்ன என்று ஒவ்வொன்றாக வீட்டிலேயே பிடுங்கிப் பார்த்துப் பழகுங்கள். நிகழ்ச்சிப் பாட்டுகள் முழுக்க உள்ள ஒரு போனும், அதை மிக்ஸரில் செருகக் கேபிளும் இருந்தால் எந்தச் சூழலிலும் பத்து நொடிக்குள் பாட்டு திரும்பிவிடும். போன் விமானப் பயன்முறையில் இருக்கட்டும். லேப்டாப்பில் தானாக அப்டேட் ஆவது, அறிவிப்பு ஒலி, தூங்கும் பயன்முறை எல்லாவற்றையும் அணையுங்கள். பென்டிரைவ் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்கட்டும், பழைய பிளேயர்களும் அதைப் படிக்கும். தூரமாகப் போகிற ஒலிக்கு எக்ஸ்எல்ஆர் கேபிள்தான் (மைக்குக்குச் செருகுகிற மூன்று முள் கேபிள்). ஆர்சிஏ கேபிளை நீளமாக இழுத்தால் இரைச்சல் ஏறும். 'ம்ம்ம்' என்று தொடர்ந்து ஹம்மிங் வந்தால், முதலில் எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரத்தை ஒரே பிளக் பாயின்ட் வரிசையிலிருந்து எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஆன் செய்யும்போது மிக்ஸர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். நடக்கிற வழியில் ஒரு வயரும் ஒட்டாமல் கிடக்கக்கூடாது, நீளமான உடை போட்டவர்களும் குழந்தைகளும் ஓடுகிற இடம் அது.

விருந்தினர் வரத்தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே சவுண்ட் செக் முடிந்து, உடை மாற்றி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கவேண்டும். சாப்பாட்டு நேரத்துப் பாட்டுக்கு ஒரே அளவுகோல்: எதிர் எதிரே உட்கார்ந்திருக்கிற இருவர் குரலை உயர்த்தாமல் பேச முடியவேண்டும். நீங்களே போய் ஒரு மேஜை அருகே நின்று கேட்டுப் பாருங்கள், மிக்ஸருக்குப் பின்னால் நின்றால் தெரியாது. இந்த நேரத்தை வீணாக்காதீர்கள். மெல்லிய சத்தத்தில் ஓடுகிற பழைய பாட்டுக்கு எந்த மேஜையில் தலை ஆடுகிறது, யார் வாய்க்குள் கூடவே பாடுகிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டால், பிறகு ஆட்டம் தொடங்கும்போது யாருக்காக என்ன போடுவது என்று பாதி தெரிந்துவிடும்.

ஆட்டத்தைத் தொடங்குவதுதான் புதியவர்களுக்குப் பெரிய பயம். காலியான தரையில் முதல் காலை வைக்க யாருக்கும் கூச்சம் இருக்கும். எனக்குத் தெரிந்த நல்ல வழி, புகைப்படக்காரரோடு முன்பே பேசி வைத்து, "எல்லாரும் சேர்ந்து ஒரு படம்" என்று கூட்டத்தையே ஆடுகிற இடத்துக்கு வரவழைப்பது. படம் எடுத்து முடிந்த அந்த நொடியில், ஆட்கள் கலைவதற்கு முன்னால், எல்லா வயதுக்கும் தெரிந்த பாட்டு விழவேண்டும். மணமக்கள் நடுவில் இருக்கவேண்டும். அவர்கள் ஆடினால் மற்றவர்கள் ஆடுவார்கள், அவர்கள் வெளியே போனால் பாதிப்பேர் பின்னாலேயே போவார்கள். விளக்கு வெளிச்சத்தையும் குறைக்கச் சொல்லுங்கள். பளீரென்ற வெளிச்சத்தில் ஆடக் கூச்சப்படுகிறவர்கள், அரை இருட்டில் தாராளமாக இறங்குவார்கள்.

முதல் ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கானது. அவர்கள்தான் சீக்கிரம் கிளம்புவார்கள், அவர்களுக்குத் தெரிந்ததை முதலில் கொடுத்துவிட்டால் இளையவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கும் அப்பா அம்மா ஆடுவதைப் பார்க்கப் பிடிக்கும். புதுப் பாட்டும் கனமான பேஸும் பிறகு வரட்டும். ஒரே காலத்து, ஒரே வேகத்துப் பாட்டுகளை மூன்று நான்காகச் சேர்த்துப் போட்டுவிட்டு அடுத்த தினுசுக்கு மாறினால் யாரும் ரொம்ப நேரம் ஒதுங்கி நிற்கவேண்டியிருக்காது. கிளப்பில் 124லிருந்து 128 பிபிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இத்தனை தாளம் என்கிற வேகக் கணக்கு) ஒரு மணி நேரம் வழுக்கிக்கொண்டே போகலாம். கல்யாணத்தில் 128ல் ஆடிக்கொண்டிருக்கும்போது அடுத்தது 95ல் வரவேண்டியிருக்கும், இரண்டையும் பீட் கோர்த்து இழுக்க முயன்றால் அசிங்கமாகத்தான் வரும். பாட்டு முடிகிற இடத்தில் சுத்தமாக வெட்டி, தெரிந்த அறிமுக இசை தெளிவாகக் கேட்கும்படி அடுத்ததைத் தொடங்குங்கள். அந்த முதல் இரண்டு நொடியைக் கேட்டுத்தான் மேஜையிலிருந்து கத்திக்கொண்டே எழுந்து ஓடிவருவார்கள், அதை மிக்ஸிங்கில் மூழ்கடிக்காதீர்கள்.

எவ்வளவு நேரம் ஒரு பாட்டை ஓடவிடுவது என்று கேட்பார்கள். எல்லாரும் கூடவே பாடிக்கொண்டிருந்தால் கடைசிவரை விடுங்கள். இரண்டாவது சரணத்தில் கால்கள் தளர்ந்தால் அங்கேயே மாறிவிடுங்கள். நடுவில் ஆடுகிறவர்களைவிட ஓரத்தில் நிற்கிறவர்களைப் பாருங்கள். ஓரத்தில் இருப்பவர் உள்ளே திரும்பி நின்றால் பாட்டு பிடிக்கிறது, கண் மேஜைப் பக்கம் போனால் கிளம்பப் போகிறார்.

தரை திடீரென்று காலியானால் உடனே அடுத்த பாட்டுக்குத் தாவாதீர்கள், சுற்றிப் பாருங்கள். இனிப்பு பரிமாறத் தொடங்கியிருக்கும், மணமக்களை யாரோ படம் எடுக்க வெளியே அழைத்துப் போயிருப்பார்கள், யாரோ விளக்கை முழுசாகப் போட்டிருப்பார்கள், இல்லை ஏசி நின்று உள்ளே வெந்துகொண்டிருக்கும். நான் பார்த்த பல காலித் தரைகளுக்குப் பாட்டு காரணமே இல்லை. மணமக்கள் வெளியே போயிருந்தால் உங்களிடம் இருக்கிற மிகச் சிறந்த பாட்டை அப்போது செலவழிக்காமல், அவர்கள் திரும்புகிறவரை சாதாரணமாக ஓட்டிக்கொண்டிருந்து, கதவில் அவர்கள் தலை தெரிந்ததும் அதை எடுங்கள். மெதுவான பாட்டு ஒன்றிரண்டு நடுவில் வருவது நல்லது, ஜோடிகள் ஆடுவார்கள், மற்றவர்கள் தண்ணீர் குடித்து மூச்சு வாங்குவார்கள். மூன்றாவது மெதுவான பாட்டு வந்தால் போனவர்கள் திரும்ப மாட்டார்கள்.

பாட்டு கேட்டு வருகிறவர்களிடம் எரிச்சல் படாதீர்கள். அவர்கள் கொண்டுவருவது தகவல். "போட்டால் நீங்க ஆடுவீங்களா, யாரெல்லாம் வருவாங்க?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னால் அது நல்ல பாட்டு. தனக்கு மட்டும் பிடித்த ஏதோ ஒன்று என்றால் சாப்பாட்டு நேரமாக இருந்தால் போட்டுவிடலாம், உச்சத்தில் போடமுடியாது. "இப்போவே போடு" என்று அடம்பிடிக்கிறவரிடம் போடுகிறேன் என்று சும்மா ஒப்புக்குச் சொல்லாதீர்கள், பத்து நிமிடத்தில் திரும்பி வருவார். குடித்துவிட்டு மைக் கேட்கிறவருக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். மணமக்கள் சார்பில் பொறுப்பாக இருக்கிறவரின் பெயரைச் சொல்லி, அவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுங்கள். அந்த நம்பரை வாங்கி வைத்ததன் அருமை அப்போது தெரியும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, ரத்தானால் என்ன, உங்களால் வரமுடியாமல் போனால் பதிலுக்கு யார், இவற்றை எழுத்தில் வாங்குங்கள், சொந்தக்காரர் கல்யாணமாக இருந்தாலும் சரி. பொது இடத்தில் பாட்டு ஒலிபரப்ப உரிமம் தேவைப்படுமா, அதை மண்டபம் எடுத்திருக்கிறதா இல்லை நீங்கள் எடுக்கவேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தைக் கல்யாண நாளுக்கு முன்னாலேயே வாங்கிவிடுவது எல்லாருக்கும் நல்லது, நள்ளிரவில் களைத்துப்போன மணமகளின் அப்பாவைத் தேடிப் போய்ப் பணம் கேட்பது சங்கடம்.

காதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், இதை முதல் நிகழ்ச்சியிலிருந்தே செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட பரிந்துரையில் இசை நிகழ்ச்சிகளுக்கு வைத்த உச்ச வரம்பு சராசரி 100 டெசிபல். தொழிலாளர் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு வைத்திருக்கிற கணக்கில் 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்குப்படி 100 டெசிபலில் 15 நிமிடம்தான். விருந்தினர் வந்து போகிறவர்கள், நீங்கள் வாராவாரம் அங்கேயே நிற்கப் போகிறவர். இசைக்கலைஞர்களுக்கென்றே செய்கிற காதடைப்பான் எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைக்கும், பாட்டு கெடாமல் கேட்கும். ஸ்பீக்கருக்கு எதிரே குழந்தைகள் உட்கார்ந்திருந்தால் யாரிடமாவது சொல்லி நகர்த்திவிடுங்கள்.

கடைசி அரை மணி நேரத்தை முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பதினொன்றுக்குச் சத்தம் நிற்கவேண்டும் என்றால் 10:56க்குக் கடைசிப் பாட்டு தொடங்கவேண்டும், அதற்கு முந்தைய நாலைந்து பாட்டு நீங்கள் இரவு முழுக்கச் சேமித்து வைத்தவையாக இருக்கவேண்டும். கடைசிப் பாட்டை மணமக்களே தேர்ந்தெடுக்கட்டும். "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று கூட்டம் கத்தும், மண்டபத்தாரிடம் நேரம் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைத்திருந்தால் அந்த ஒன்றைக் கொடுக்கலாம், இல்லையென்றால் நன்றி சொல்லி நிறுத்திவிடுங்கள். நேரம் தாண்டி ஓட்டினால் அபராதம் உங்களுக்கு வராது, மணமக்கள் தலையில் விழும். சத்தத்தைச் சட்டென்று நிறுத்தாமல், ஆட்கள் கிளம்புகிறவரை மெல்லிய ஒலியில் எதையாவது ஓடவிடுங்கள்.

மூட்டை கட்டும்போது கம்பியில்லா மைக்கை முதலில் எண்ணி எடுங்கள், யாருடைய மேஜையிலாவது இருக்கும். அப்புறம் வீட்டுக்குப் போய்த் தூங்குவதற்கு முன்னால், அன்றைக்குப் போட்ட பாட்டுகளின் வரலாற்றை மென்பொருளில் இருந்து எடுத்து, எதற்குக் கூட்டம் ஓடி வந்தது, எது விழுந்தது, எந்த இரண்டு பாட்டு அடுத்தடுத்து அழகாக உட்கார்ந்தது என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். மறுநாள் காலையில் பாதி மறந்துபோகும். அடுத்த கல்யாணத்துக்கு வேறு யாருடைய பட்டியலும் உங்களுக்கு இவ்வளவு உதவாது.